அது நம்ம வண்டி இல்ல

எங்கே போனாலும் எல்லோருக்கும் முன்னால் போய் இடம் பிடித்து வைத்திருக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம். அந்தச் சொல்லை நான் இப்போதெல்லாம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குப் பேரக்குழந்தை வரப்போகிறது. அம்மா கல்லறைக்கு வந்து முதல் மாதமே இதை உங்களிடம் சொல்லிவிட்டாள் என்று தெரியும். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. குழந்தை உங்களைக் கொண்டிருக்கிறது. மூக்கைச் சொல்லவில்லை. ஸ்கேனில் மூக்கு தெளிவாக விழவில்லை. பழக்கத்தைச் சொல்கிறேன். குறித்த தேதிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே கிளம்பப் பார்த்தது.

உங்கள் பழக்கம் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக இரண்டு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிப்டுக்கு நீங்கள் போய்ச் சேரும்போது இரவு ஷிப்டுக்காரர்கள் பாதி வேலையில் இருப்பார்கள். வேப்பம்பட்டில் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டும் முன்பே போய், பொழுது போகாமல் சமையல்காரரோடு உட்கார்ந்து மூட்டை வெங்காயம் உரித்தீர்கள். சாயங்காலம் கண் சிவந்து நின்ற உங்களைப் பார்த்து, பெண்ணின் தகப்பனைவிட சித்தப்பாவுக்குத்தான் பாசம் அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சினார்கள். என் பதிவுத் திருமணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் தனியாகப் பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தீர்கள். பெருக்க வந்த பெண்மணி உங்களை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வயசுல இன்னா நைனா அவசரம்?" என்று கேட்டாராம். அதை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள்.

"முன்னாடி போனா உக்காரலாம். பின்னாடி போனா ஓடணும்." உங்கள் வாழ்க்கைத் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். அதற்குச் சுவரில் ஒரு சாட்சியும் மாட்டி வைத்தீர்கள். நம் ஹால் கடிகாரத்தை இருபது நிமிடம் வேகமாகத் திருப்பி வைத்தது நீங்கள்தான். வீட்டில் எல்லோருக்கும் அது இருபது நிமிடம் வேகம் என்று தெரியும். எல்லோரும் மனதுக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகவே கிளம்பினோம். அந்தக் கடிகாரத்தால் ஏமாந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆனால் உங்களிடம் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. சென்ட்ரலுக்குப் போக ஆவடி ஸ்டேஷனுக்கு அவ்வளவு சீக்கிரம் போவோம். ஒரு ரயில் வரும், காலியாக. ஏறலாமா என்று நான் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பீர்கள். "இரு. அது நம்ம வண்டி இல்ல." இன்னொன்று வரும். அதுவும் நம் வண்டி இல்லை. நீங்கள் மனதில் குறித்து வைத்த வண்டி வரும்வரை, வந்த வண்டிகளையெல்லாம் வழியனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவ்வளவு நேரம் அந்த பெஞ்சில் நீங்கள் என்னதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்? நான் கேட்டதே இல்லை.

சரி, செய்திக்கு வருகிறேன்.

ஏழாம் மாதம் கோவில்பதாகையில் அத்தை வீட்டில், அதாவது என் மாமியார் வீட்டில், வளைகாப்பு. நம் சர்ச் சபைப் பெண்கள் போய்ப் பாட்டுப் பாடினார்கள், அத்தை வீட்டார் ஏழு வகைச் சாதம் போட்டார்கள், இரண்டு தரப்பும் இன்னொரு தரப்பின் சமயத்தைக் கவனிக்காததுபோல் நாகரிகமாக நடந்துகொண்டன. பிறகு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆவடி நம் வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அழுகை மட்டும் கப்பலேற்றும் அளவுக்கு இருந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை பால்காரருக்கு முன்பே நம் வாசலில் நின்றார்.

வந்த சில நாளிலேயே வயிறு இறுக ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் வயிறு கல்லாகும். கொஞ்சம் பொறுத்துத் தளரும். முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு. பிறகு மாடிப்படி ஏறினால் ஒன்று, இருமினால் ஒன்று, சும்மா இருந்தால் சும்மா இருந்ததற்காக ஒன்று.

அத்தை உடனே தீர்ப்புச் சொன்னார். "அது ஒண்ணும் இல்லம்மா, சூட்டு வலி. சீரகத் தண்ணி குட்ச்சா அமுங்கிடும்."

"அமுங்கலன்னா அத்தை?"

"அமுங்கலன்னா அது சூட்டு வலி இல்ல."

இதைவிடத் தெளிவான மருத்துவ விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை சரவணன் உங்களுக்குத் தெரிந்த அதே சரவணன்தான், அப்பா. எதையும் போனில் இறக்கிக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி. வலியை எண்ணுவதற்கு ஓர் ஆப் இறக்கினார். இறுக்கம் வரும்போது ஒரு ரோஜா நிறப் பட்டனை அழுத்த வேண்டும். போகும்போது மறுபடி. அது கணக்குப் போட்டு, 'நீங்கள் அருமையாகச் செய்கிறீர்கள்' என்று பூப்போட்டுச் சொல்லும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பவளிடம் இதைச் சொல்வதற்கு ஓர் இயந்திரத்துக்குத்தான் மனது வரும்.

டாக்டரம்மா சொன்னது வேறு. அம்பத்தூரில் ஆஸ்பத்திரி. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படி வருவது நிறையப் பேருக்கு உண்டு என்றார். தண்ணீர் குடி, சிறுநீரை அடக்காதே, இடது பக்கம் படு. அப்படியும் நிற்காமல் ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தை அசைவது குறைந்தாலும் யோசிக்காமல் கிளம்பி வா. "இப்பவே வந்தா அதுக்கு நுரையீரல் தயாரா இருக்காது. ஒவ்வொரு நாளும் உள்ள இருக்கிறது லாபம்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தேன், கை வைத்தால் குழந்தை தங்கிவிடும் என்பதுபோல்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். முதல் முறை போய்ச் சேர்வதற்குள் இறுக்கம் நின்றுவிட்டது. இரண்டாம் முறை அது வாயு. மூன்றாம் முறைக்குக் காரணம் நீங்கள்.

அன்று சாயங்காலம் படுக்கையில் இருந்தேன். இறுக்கம் வந்தது. "அம்மா, மணி பார்!" என்றேன். ஹாலில் இருந்த அம்மா, சுவரைப் பார்த்து மணியைச் சொன்னாள். அடுத்தது வந்தபோது சரவணன் பக்கத்தில் இருந்தார்; அவர் போனைப் பார்த்தார். நடுவில் நன்றாகவே இடைவெளி இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் சரவணன் இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு வெளுத்துப்போனார்.

"ரெண்டு நிமிஷம்! ரெண்டே நிமிஷத்துல அடுத்தது வந்துடுச்சு!"

உங்கள் கடிகாரம் நடுவிலிருந்த இருபது நிமிடத்தை விழுங்கிவிட்டது, அப்பா. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மனிதருக்கு அது தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்துப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கும் பதற்றத்தில் தோன்றவில்லை. பாய், தலையணை, புது ஃபிளாஸ்க், பைபிள், அத்தையின் சீரகத் தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏறிய பிறகு ஆட்டோவில் எனக்கு இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "வாம்மா வா. போன தபா வுட்டுட்டுப் போன ஃபிளாஸ்க்கு இங்கதான் கீது. மூடி மட்டும் காணோம்."

மெஷின் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். சரவணன் விவரமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்று, அம்மாவைப் பார்த்து, "அத்தை, நீங்க எந்தக் கடிகாரத்துல பாத்தீங்க?" என்றார். அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நர்ஸ் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது முடிவெடுத்தேன். இனிமேல் வரமாட்டேன். ஊரைக் கூட்டிக்கொண்டு ஃபிளாஸ்க்கோடு வந்து நிற்கமாட்டேன். குழந்தை தலையை நீட்டிக் கையை ஆட்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் சரவணன் ஸ்டூலைப் போட்டு ஏறினார், கடிகாரத்தைச் சரிசெய்ய. அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவர் விழாமல் இருப்பதற்காக இல்லை. "அது அவர் வெச்சது மாப்ள. இறங்குங்க." அவர் இறங்கினார்.

இனி, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. இதற்கும் காரணம் நீங்கள்தான்; பொறுமையாகக் கேளுங்கள்.

மற்றவர்கள் சபையில் நன்மை நடந்த பிறகு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். நீங்கள் முன்னாலேயே கொடுப்பீர்கள். 'விசுவாசம்னா என்ன? வந்தப்புறம் நன்றி சொல்றதுக்குப் பேரு மரியாதை. வர்றதுக்கு முன்னாடி சொல்றதுதான் விசுவாசம்' என்பீர்கள். என் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முந்தைய ஞாயிறே, நான் பாஸானதற்கு நீங்கள் கொடுத்த காணிக்கையை ஆராதனையில் வாசித்தார்கள். கணக்குப் பரீட்சை எப்படி எழுதினேன் என்று எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்திருந்த அந்த வாரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை.

அத்தை வழி நேர்மாறு. மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார். குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகுதான் அம்மனுக்குப் புடவை. ஆக உங்கள் பேரக்குழந்தைக்கு ஒரு பக்கம் ப்ரீபெய்டு, இன்னொரு பக்கம் போஸ்ட்பெய்டு. எந்தப் பக்கத்திலும் சிக்னல் போகாது என்று சரவணன் சொன்னார்.

அம்மா உங்கள் வழக்கத்தைக் கைவிடவில்லை. எனக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக ஆண்டவருக்கு நன்றி என்று எழுதி, பக்கத்து வீட்டு சிஸ்டரிடம் கவரைக் கொடுத்துவிட்டாள். என்னோடு இருந்ததால் அவள் ஆராதனைக்குப் போகவில்லை. பழைய செயலாளராக இருந்தால், 'சாமுவேல் வீட்டுக் காணிக்கையா, இன்னும் ஒண்ணும் நடந்திருக்காது' என்று புரிந்துகொண்டிருப்பார். இப்போது புதுச் செயலாளர். எழுதியிருந்ததை நம்பிவிட்டார்.

"மறைந்த நம் சகோதரர் சாமுவேல் அவர்களின் மகள் எஸ்தருக்குச் சுகப்பிரசவம் ஆனபடியால்..." என்று மைக்கில் வாசித்தாராம். சபை கைதட்டியதாம்.

ஆராதனை முடிந்ததும் சபையின் பெண்கள் ஐக்கியம் வீட்டுக்கே திரண்டு வந்துவிட்டது, அப்பா. குழந்தைச் சோப்பு, பவுடர், பழைய வெள்ளை வேட்டி கிழித்த துணிகள், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, குடைபோல் விரியும் கொசுவலை ஒன்று. முன்னால் வந்தவர் என் பழைய ஞாயிறு பள்ளி டீச்சர் கிரேஸ் ஆன்டி. ஹாலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, என் மடியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தொட்டில் கட்டும் கொக்கியைப் பார்த்தார்.

"குழந்தை எங்கம்மா?"

வயிற்றைக் காட்டினேன். "உள்ள ஆன்டி."

"அப்போ சர்ச்ல படிச்சாங்களே?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நிமிர்ந்து நின்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். "விசுவாசம்."

அப்போதுதான் அத்தை மாங்காட்டிலிருந்து குங்குமப் பிரசாதத்தோடு உள்ளே வந்தார். கொசுவலையைப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது.

"ஐயையே! இன்னா சம்பந்தி இது? புள்ள வர்றதுக்கு மின்ன புள்ள சாமான ஊட்டுக்குள்ள வுடுவாங்களா? யாரு கொண்டாந்தது இத்த? வெளிய வைங்க மொதல்ல!"

"சம்பந்திம்மா, இது ஆசீர்வாதம்," என்றார் கிரேஸ் ஆன்டி.

"ஆசீர்வாதம்னா தலையில கை வைங்க. கொசுவலை எதுக்கு?"

கொசுவலை விரிந்துவிட்டது. அதை மடக்கத் தெரிந்தவர் வந்தவர்களில் யாரும் இல்லை. நாலு பேர் அதோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், வந்தது வந்தோம் ஒரு பாட்டாவது பாடலாம் என்றார். பாட ஆரம்பித்தார்கள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில் வயிறு இறுகியது.

சிரித்ததால் வந்தது என்று நினைத்தேன். தளர்ந்தது. தண்ணீர் குடித்தேன். பாத்ரூம் போய் வந்தேன். உள் அறையில் இடது பக்கம் படுத்தேன். மறுபடி வந்தது. அத்தை கொடுத்த சீரகத் தண்ணீரையும் குடித்தேன். மறுபடி வந்தது. இந்த முறை இடுப்பைச் சுற்றி, முதுகிலிருந்து முன்னால். கதவு வழியே ஹால் கடிகாரம் தெரிந்தது. அது வேகமோ நிதானமோ, ஒரே கடிகாரத்தில் பார்த்தால் இடைவெளி பொய் சொல்லாது. ஒழுங்காக வந்தது. ஷிப்டுக்குப் போகும் உங்களைப்போல் ஒழுங்காக.

நான் யாரையும் கூப்பிடவில்லை, அப்பா.

வாட்ச்மேன் முகம் வந்தது. நர்ஸின் தோள் வந்தது. 'இன்னும் ஒண்ணு பாக்கலாம்' என்று படுத்திருந்தேன். அதன் பிறகு இன்னும் ஒன்று. வெளியே கூட்டம் இரண்டாவது பாட்டுக்குப் போயிருந்தது. இன்று வரை நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்: அந்த அறையில் எனக்கு இருந்த பெரிய பயம், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது இல்லை. மறுபடியும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பதுதான். ஒரு மனுஷி இவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமா? முடிகிறது.

கடிகாரத்துக்குக் கீழே உங்கள் படம். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூடியோக்காரர் சொன்ன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான்தான் உங்களைப் பார்த்தேன். எத்தனை இடங்களில் உங்களைப் பார்த்து ஊர் சிரித்திருக்கிறது? வெங்காயம் உரிக்க வைத்தார்கள், ஏணி பிடிக்க வைத்தார்கள், மாப்பிள்ளை என்று நினைத்தார்கள். நீங்கள் ஒரு நாளாவது, அடுத்த முறை தாமதமாக வருவோம் என்று நினைத்ததுண்டா?

எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா. போகணும்."

பாட்டு நின்றது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உங்களோடு அத்தனை வருடம் வாழ்ந்தவள், செருப்பைத்தான் தேடினாள். சரவணன் வாசலுக்கு ஓடினார்.

ஆட்டோக்காரர் என் வயிற்றைப் பார்த்ததும் பொறுப்புள்ள மனிதராக மாறிவிட்டார். சி.டி.எச். ரோட்டில் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் எங்களை முந்தியது.

"அண்ணாத்தே, கொஞ்சம் வேகமா போங்க," என்றார் சரவணன்.

"வேகமா போனா குலுங்கும் சார். குலுங்கினா அவுட். அக்கா, மின்ன பள்ளம் ஒண்ணு வருது, புள்ளைய கெட்டியா புட்ச்சிக்கோ!"

"எப்படி அண்ணா புடிக்கிறது?"

"அது எனக்கு இன்னா தெரியும்? நீதான அம்மா!"

திருமுல்லைவாயில் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லாத குறையாக அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு ஆட்டோக்களில் பெண்கள் ஐக்கியம். ஒன்றில் கொசுவலை, மடங்காமல், வெளியே பாதி பறந்துகொண்டு.

வாட்ச்மேன் எழுந்தார். கொசுவலையைப் பார்த்தார். "இன்னா, இந்த தபா ஃபுல் செட்டோட வந்துகீறீங்க?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அவரே போய்ச் சக்கர நாற்காலியை இழுத்து வந்தார். ஃபிளாஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மெஷின் இறுக்கங்களை மலை மலையாக வரைந்தது. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வந்தார். பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை வாய் திறக்க ஆரம்பித்திருக்கிறது என்றார். குழந்தையின் நுரையீரலுக்கு ஓர் ஊசி, மறுநாள் இன்னொன்று. இறுக்கத்தை நிறுத்திவைக்க மருந்து. "இந்த ஊசி வேலை செய்ய நேரம் வேணும். அந்த நேரத்தோட வந்தீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று முறை சும்மா வந்ததால் இந்த முறை வரத் தயங்கினேன் என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார். "பத்து தடவை சும்மா வாங்கம்மா. சிரிச்சு அனுப்பி வைக்கிறோம். எங்களுக்கும் சிரிக்க ஏதாவது வேணும். ஒரே ஒரு தடவை வராம மட்டும் இருந்துடாதீங்க."

உங்கள் தத்துவத்தை டாக்டருக்குப் படித்தவர் வாயால் கேட்டேன், அப்பா.

இரண்டு நாள் வார்டில். வெளியே ஒரு பெஞ்சில் பெண்கள் ஐக்கியம் முறை வைத்து ஜெபித்தது. அடுத்த பெஞ்சில் அத்தை மஞ்சள் முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரேஸ் ஆன்டிக்கு அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்தாராம். அத்தைக்குக் கொசுவலையை மடக்கும் வித்தையை ஆன்டி கற்றுக்கொடுத்தாராம். ஆன்டியே அதை நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். ஸ்கேன் அறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே பெட்டியில் ஒரு குழந்தை, கையளவு. அதன் அம்மா பக்கத்தில் நின்று பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். என்னைத் தள்ளியவர் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார். நல்ல மனிதர்.

அந்த இரண்டு நாளும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சொல்லிவிடுகிறேன். முன்னால் போனால் உட்காரலாம் என்றால், நெஞ்சு கனக்கிறது என்று அன்று காலை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், முதல் டோக்கன் வாங்கி உட்கார்ந்தீர்களே, அது ஏன் பலிக்கவில்லை? டாக்டர் வரும் நேரத்துக்குத்தான் வந்தார். நீங்கள் வழக்கம்போல் அதற்கு முன்பே போய்விட்டிருந்தீர்கள். ரிட்டயர்மென்ட்டுக்குக்கூட இருந்து பார்க்கவில்லை. வந்த வண்டியிலெல்லாம் ஏறாத மனிதர் அந்த ஒன்றில் மட்டும் ஏன் ஏறினீர்கள்?

இதற்குப் பதில் வராது என்று தெரியும். கேட்டு வைக்கிறேன்.

மூன்றாம் நாள் மலைகள் மேடுகளாகி, மேடுகள் கோடாகின. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டு கூடாது, நீண்ட பயணம் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு சபையில் புதுச் செயலாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "கடந்த வாரம் பிறந்ததாக அறிவிக்கப்பட்ட குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று வாசித்தாராம். காணிக்கையைத் திருப்பிக் கொடுப்பதா என்று ஆயரிடம் கேட்டாராம். ஆயர், சாமுவேலை எனக்குத் தெரியும், இருக்கட்டும் என்றாராம்.

இப்போது முப்பத்தாறாவது வாரம் நடக்கிறது. இறுக்கம் இன்னும் வந்து போகிறது. நடுவில் இரண்டு முறை ஆஸ்பத்திரி போய் வந்தோம், சும்மாதான். வாட்ச்மேனின் பேத்தி பெயர் இப்போது எனக்குத் தெரியும். ஃபிளாஸ்க்குக்கு மூடியும் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு மேல் வந்தால் பயமில்லை என்கிறார் டாக்டரம்மா. கடிகாரம் இருபது நிமிடம் வேகமாகவே ஓடுகிறது. சரவணன் அதன் கீழே பென்சிலால் 'இதில் வலி பார்க்காதீர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

நாளெல்லாம் படுத்திருப்பதில் ஒன்று புரிந்தது. அந்த பெஞ்சில் அவ்வளவு நேரம் என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டேனே. ஒன்றும் நினைத்திருக்க மாட்டீர்கள். போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளை தண்டவாளப் பக்கம் போகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சும்மா இருந்திருப்பீர்கள். நான் பிறந்தபோதும் இதே கதைதானாம். அம்மா இப்போதுதான் சொன்னாள். தேதி வருவதற்கு முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டீர்களாம். நானோ தேதி தாண்டியும் வரவில்லை. அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்களாம். பொழுது போகாமல் வார்டில் ஓடாத மின்விசிறிகளையெல்லாம் ரிப்பேர் செய்து கொடுத்தீர்களாம். 'பாப்பா வர்றப்ப வரட்டும், நான் இருக்கேன்' என்றீர்களாம்.

ஆகவே அப்பா, ஓர் ஒப்பந்தம். என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். இனி வெட்கப்பட மாட்டேன். யார் சிரித்தாலும், கொசுவலையோ ஃபிளாஸ்க்கோ, எத்தனை முறை வேண்டுமானாலும் முன்னால் போய் உட்காருவேன். இது சத்தியம். பிள்ளை வளர்ந்து, ஏன் நம் வீட்டுக் கடிகாரம் மட்டும் இப்படி என்று கேட்டால், உங்களைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் பங்கு சின்னது. குழந்தை இப்போது உங்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், காலை ஆட்டிக்கொண்டு. ஒரு வண்டி வரும், காலியாக. ஏறலாமா தாத்தா என்று எழுந்திருக்கும். கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

"இரு. அது நம்ம வண்டி இல்ல."

அதன் வண்டி வரும்போது அனுப்பி வையுங்கள். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் நான் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருப்பேன்.

இடது பக்கம் ஒருக்களித்தபடி,
ஒரு முறை உங்களைக் காக்க வைத்துவிட்டுத் தாமதமாகப் பிறந்த உங்கள் மகள்,
எஸ்தர்